சுகரும் பிரசரும் உள்ளவர்களிடம் எதைக் கேட்பது? ராமநாதபுரம் கடலோரத்துக்கு ஏற்ற அளவுகோலைத் தேடி

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரத்தில் ஆறு ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறோம். சுகரோ பிரசரோ, இரண்டுமோ உள்ள முப்பது வயது தாண்டியவர்கள் தங்கள் நோயைப் பற்றி எவ்வளவு புரிந்து வைத்திருக்கிறார்கள், புரிந்ததை வைத்து வீட்டில் என்ன செய்ய முடிகிறது என்று அளக்க வேண்டும். நாங்கள் ஐந்து பேர். கையில் இருப்பது கொஞ்சம் பணம், ஒரு கோடைக்காலம். எந்தக் கேள்வித்தாளை எடுப்பது என்பதிலேயே இரண்டு மாதமாக நிற்கிறோம். இதே வேலையில் இறங்கப் போகும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று, நாங்கள் எடுத்துப் பார்த்ததையும் கைவிட்டதையும் காரணத்தோடு எழுதுகிறேன்.

முதலில் பெயர். 'ஹெல்த் லிட்ரசி' என்பதைத் தமிழில் 'உடல்நல எழுத்தறிவு' என்று எழுதுகிறார்கள். இந்த 'எழுத்து' என்ற சொல்தான் நம்மைத் தடம் மாற்றுகிறது. பொதுச் சுகாதார ஆய்வாளர் டான் நட்பீம் 2000-இல் இதை மூன்று படியாகப் பிரித்தார். படித்துப் புரிந்துகொள்வது ஒன்று. மருத்துவரிடமும் மற்றவரிடமும் பேசித் தெரிந்துகொள்வது இரண்டு. கேட்டதை எடைபோட்டு ஏற்பதோ தள்ளுவதோ மூன்று. எழுத்து முதல் படியில் மட்டும்தான் வருகிறது. ஆனால் உலகத்தில் அதிகம் புழங்கும் பழைய அளவுகோல்கள் எல்லாம் அந்த முதல் படியைத்தான் அளக்கின்றன.

அவற்றில் மூத்தது 'ரீயல்ம்'. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. 66 மருத்துவச் சொற்களைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார்கள். சரியாக உச்சரித்த சொல்லுக்கு ஒரு மதிப்பெண். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வேகத்தில் மயங்கி, இரண்டு வருடத்துக்கு முன் நாங்களே தமிழில் ஒரு சொற்பட்டியல் தயாரித்தோம். ரத்த அழுத்தம், சிறுநீரகம், குளுக்கோஸ், இன்சுலின் என்று எளியதில் தொடங்கிக் கடினமானதில் முடியும் பட்டியல். அதை எடுத்துக்கொண்டு கீழக்கரையில் ஒரு வீட்டுக்குப் போனேன்.

அந்த வீட்டு லாத்தாவுக்கு (அங்கே அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்) அறுபது வயதிருக்கும். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஓதத் தெரியும் புள்ள, தமிழ் எழுத்து பழகல" என்றார். அரபு எழுத்திலேயே தமிழை எழுதிப் படித்த நெடிய மரபு உள்ள ஊர் அது. நான் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். பிறகு அவர் கணவருக்கு ஊசி போடும் நேரம் வந்தது. புட்டியை இரு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டினார். சிரிஞ்சை எடுத்து என் முன்னால் நீட்டினார். "செவப்பு மூடிதான் இந்தப் புட்டிக்கு. ஆரஞ்சு மூடி கொடுத்து விட்டா கடைக்கே திருப்பி அனுப்பிருவேன்." அளவுக்கோட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, குமிழியைச் சுண்டி வெளியேற்றி, வயிற்றில் நேற்றுப் போட்ட இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போட்டார். எண் மட்டும் தெரியும், செல்போனில் பழகியது என்றார்.

அதே மாதம் பாம்பன் பக்கம் பி.காம். படித்த ஒரு தம்பி. பட்டியலை ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்து முடித்தார். முழு மதிப்பெண். அவர் தன் அம்மாவுக்கு ஊசி போடும் சிரிஞ்சு ஆரஞ்சு மூடி. புட்டியோ ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100 யூனிட் மருந்துக்காகக் கோடு போட்டது. அதில் 20 என்ற கோடுவரை இழுத்தால் வருவது 0.2 மில்லி. 40 யூனிட் புட்டியிலிருந்து அந்த 0.2 மில்லியை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். அம்மாவுக்கு சுகர் இறங்கவில்லை என்று ஒவ்வொரு மாதமும் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். தவறு தலைகீழாக நடந்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால், இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். அது உயிருக்கே ஆபத்து.

என் தாளில் அவருக்கு முழு மதிப்பெண், லாத்தாவுக்குப் பூஜ்யம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இது அந்தத் தம்பியின் குறையும் அல்ல, லாத்தாவின் தனித் திறமை மட்டும் என்றும் சொல்ல முடியாது. அளவுகோலின் உள்ளமைப்பே காரணம். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு தாறுமாறு. ஒரு மருத்துவச் சொல்லைச் சரியாக உச்சரிப்பவர் அதை முன்பே கேட்டிருக்க, புழங்கியிருக்க வேண்டும். அதனால் அங்கே உச்சரிப்பு ஓரளவு அறிவைக் காட்டும். தமிழில் எழுத்துக்கூட்டத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை 'ஹைப்போகிளைசீமியா'வைக்கூட வாசித்துவிடும், பொருள் தெரிய வேண்டியதே இல்லை. ஸ்பானிஷ் மொழிக்கும் இதே சிக்கல் வந்தது. அதனால்தான் 2006-இல் அந்த மொழிக்காக 50 சொல்லில் வேறொரு சோதனை செய்தபோது, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இரண்டு சொற்களைக் கொடுத்து எது பொருத்தம் என்றும் கேட்டார்கள். ஆக, உச்சரிப்புச் சோதனை தமிழுக்கு வேண்டாம். இதில் எங்களுக்குள் இப்போது கருத்து வேறுபாடு இல்லை.

அடுத்தது 'டோஃப்லா', 1995-இல் வந்தது. மருத்துவமனைத் தாள்களிலிருந்து எடுத்த பத்திகளில் இடையிடையே சொல்லை விட்டு நிரப்பச் சொல்லும் 50 கேள்விகள், கூடவே 17 எண் கேள்விகள். முழுதாகச் செய்ய 22 நிமிடம் வரை ஆகும். 1999-இல் வந்த சுருக்கத்தில் 36 நிரப்பும் கேள்விகளும் 4 எண் கேள்விகளும் உண்டு. மூலத்தில் ஒரு பத்தி அமெரிக்காவின் ஏழைகளுக்கான காப்பீட்டைப் பற்றியது. இங்கே அந்த இடத்தில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வைத்து எழுதலாம். அதில் தடையில்லை. தடை கண்ணில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் சுகர் உள்ளவருக்கு விழித்திரையில் பாதிப்பு இருக்கக்கூடும். வெயிலும் உப்புக்காற்றும் பட்ட கடலோடிகளிடம் சதை வளர்ச்சியும் புரையும் சாதாரணம். கண்ணாடி போடாதவரிடம் வாசிப்புத் தாளைக் கொடுத்தால் அளப்பது கண்ணையா அறிவையா என்று நமக்கே தெரியாமல் போகும். கண் சோதித்து, கண்ணாடி கொடுத்துவிட்டுத்தான் இதைச் செய்யலாம் என்றால் எங்கள் காசு கட்டாது. ஆனால் இதன் எண் பகுதியை விட எனக்கு மனமில்லை. மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து "காலை ஏழு மணிக்குப் போட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு?" என்று கேட்பது நல்ல கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

2005-இல் வந்த 'நியூவஸ்ட் வைட்டல் சைன்' ஒரு ஐஸ்கிரீம் டப்பாவின் சத்து விவரத்தைக் காட்டி ஆறு கேள்வி கேட்கிறது. மூன்று நிமிடம் போதும். ஆனால் இங்கே மீனும் அரிசியும் கருவாடும் லேபிள் ஒட்டி வீட்டுக்கு வருவதில்லை. லேபிளை மாற்றினால் மூலத்தின் மதிப்பெண் வரம்புகளை நம்ப முடியாது. தள்ளிவிட்டோம்.

ஒரே கேள்வியில் முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2004-இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனையில் சோதித்துப் பார்த்த மூன்று கேள்விகள் இருக்கின்றன. மருத்துவமனைத் தாள்களைப் படிக்க எத்தனை தடவை பிறர் உதவி தேவைப்படுகிறது, படிவத்தைத் தனியாக நிரப்ப எவ்வளவு தைரியம் உண்டு, எழுதியது புரியாததால் நோயைப் பற்றித் தெரிந்துகொள்வதில் எத்தனை தடவை சிரமம் வந்தது என்பவை. ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில், நிமிடத்துக்கு ஒருவரைப் பார்க்கும் இடத்தில், உதவி தேவைப்படுபவரை அடையாளம் காண இவற்றில் ஒன்று உதவும். ஆனால் வரிசையில் பத்துப் பேர் கேட்கும்படி கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். 1996-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களுக்கு வாசிக்கச் சிரமம் என்று ஒத்துக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதைக் கணவனிடமோ மனைவியிடமோகூடச் சொன்னதில்லை. "கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுக்கும் அண்ணன்மாரை நானே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். என்ன வெட்கம் என்று அவர்களைக் கேட்கக் கூடாது. கேட்கிற இடத்தை நாம்தான் மாற்ற வேண்டும்.

இதுவரை சொன்னவை வாசிப்பைச் சுற்றி வந்தவை. இனி, ஆளையே 'உங்களுக்கு எப்படி?' என்று கேட்கும் தாள்கள்.

ஜப்பானில் இஷிகாவா குழுவினர் 2008-இல் சர்க்கரை நோயாளிகளுக்கென்றே 14 கேள்வியில் ஒன்று செய்தார்கள். நட்பீம் சொன்ன மூன்று படிகளும் அதில் வருகின்றன. சின்னது, நம் நோயாளிகளுக்கே ஆனது. எங்களில் இருவர் இதற்குத்தான் கை தூக்கினார்கள். நானும் தூக்கியிருப்பேன், பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கேட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால். முதல் ஐந்து கேள்விகள் மருத்துவமனையிலோ மருந்துக் கடையிலோ கொடுத்த தாளைப் படித்தபோது எழுத்து சிறியதாக இருந்ததா, தெரியாத சொல் வந்ததா, படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டதா என்று போகின்றன. கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு அக்காவிடம் கேட்டேன். "அப்படி ஒண்ணும் வந்ததில்லயே" என்றார் ஐந்துக்கும். அவர் கையில் யாரும் தாளே கொடுத்ததில்லை. கொடுத்தாலும் படிக்கப் போவதில்லை. ஆனால் 'இல்லை' என்ற பதிலுக்கு அந்தத் தாளில் உயர்ந்த மதிப்பெண். சிரமமே இல்லாதவர் என்று கணக்காகிவிடும். தாள் புழங்காத ஊரில் இந்தப் பகுதி உண்மையைத் தலைகீழாகக் காட்டும்.

அந்த அக்காவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு தீவோரம் பாறையில் முங்கிப் பாசி பறிப்பவர். சுகர் வந்து ஆறு வருடம். பாறை கீறிய காயம் ஆறுவதற்கு நாளாகிறது என்பது அவருக்கு யார் சொல்லியும் தெரிந்ததல்ல. காலில் கீறினால் அந்த வாரம் கடலுக்குப் போவதில்லை, கஞ்சிக்கு வேறு வழி பார்ப்பார். மாத்திரையை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறார். ஒரு மாதம் வேறு கம்பெனி மாத்திரை வேறு அட்டையில் வந்தது. அது தன்னுடையது இல்லை என்று எடுத்து வைத்துவிட்டார். ஒரு மாதம் மருந்தே இல்லை. கேட்டிருக்கலாமே என்றேன். "கொண்டாந்து தர்ற புள்ள அவசரமா போகுது, அதுகிட்ட என்னத்தக் கேக்க?" என்றார்.

இந்த ஒரு பதிலில் நாங்கள் அளக்க வேண்டியது முழுவதும் இருக்கிறது. அவருக்குக் குறைவது படிப்பு மட்டும் அல்ல. கேட்கும் தைரியமும் கேட்க நேரம் தரும் ஆளும் இல்லை. இதை எந்தத் தாள் பிடிக்கும்?

ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 2011-இல் பயன்படுத்திய, 47 கேள்விகள் கொண்ட தாள் பெரிய முயற்சி. தகவலைத் தேடுவது, புரிவது, எடைபோடுவது, செயலாக்குவது என்ற நான்கையும், சிகிச்சை, தடுப்பு, நலவாழ்வு என்ற மூன்றோடு குறுக்கே வைத்துப் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றும் 'எவ்வளவு சுலபம்?' என்ற கேள்வி. 16 கேள்வியில் சுருக்கமும் உண்டு, ஆசிய நாடுகள் சிலவற்றிலும் பயன்பட்டிருக்கிறது. ஒரு மாவட்டத்தை இன்னொரு நாட்டோடு ஒப்பிட வேண்டுமானால் இதுதான் சரி. எங்களுக்கு அந்தத் தேவை இல்லை. தேடியே பார்க்காதவர் 'சுலபம்தான்' என்று சொல்லிவிடும் அபாயமும் இதில் இருக்கிறது.

கடைசியாக ஆஸ்திரேலியாவில் 2013-இல் ஆஸ்போர்ன் குழுவினர் வெளியிட்ட 'எச்.எல்.க்யூ.' 44 கேள்விகள், ஒன்பது பிரிவுகள். மொத்த மதிப்பெண்ணே கிடையாது. ஒன்பது பிரிவுக்கும் தனித்தனி மதிப்பு. ஒருவருக்குச் சுற்றத்தார் துணை நிறைய, மருத்துவரிடம் பேசும் துணிவு குறைவு என்று ஒரு சித்திரம் கிடைக்கும். பாஸ், பெயில் இல்லாததே எனக்குப் பெரிய நிம்மதி. வாயால் கேட்டும் நிரப்பலாம், அதனால் எழுத்து தெரியாதவர் வெளியே நிற்க மாட்டார். உரிமம் வாங்க வேண்டும், முறைப்படி மொழிபெயர்க்க வேண்டும், முழுதும் கேட்டால் அரை மணிக்கு மேல் ஆகும் என்பவை இதன் பாரங்கள்.

பிரிவுகள் தனித்து நிற்பதால் எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. நான் நான்கைத்தான் எடுக்கச் சொல்கிறேன். சுற்றத்தின் துணை, தகவலை எடைபோடுதல், மருத்துவப் பணியாளரோடு தயங்காமல் பேசுதல், என்ன செய்ய வேண்டும் என்று தெரியும் அளவுக்குப் புரிதல். நான்கிலும் ஐந்தைந்து, மொத்தம் இருபது கேள்வி.

எடைபோடுதல் ஏன் என்று குழுவில் ஒருவர் கேட்டார். சாயல்குடிப் பக்கம் போய்ப் பாருங்கள். பனங்கருப்பட்டி சுகருக்கு ஒன்றும் செய்யாது என்று நம்பி, தேநீரில் சீனியை நிறுத்தியவர் கருப்பட்டியை இரட்டிப்பாகப் போட்டுக் குடிக்கிறார். கருப்பட்டியில் இருப்பதும் பெரும்பாலும் சர்க்கரைதான். வாட்ஸ்அப்பில் வரும் சூரணத்தை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்களும் அதே வீதியில் இருக்கிறார்கள். இந்தப் பிரிவு இல்லாமல் எங்கள் கணக்கு அரைகுறைதான்.

ஒன்பதில் 'மருத்துவ அமைப்புக்குள் வழி கண்டுபிடித்தல்' என்ற பிரிவை மட்டும் சேர்ப்பதா என்று இன்னும் விவாதம். நான் வேண்டாம் என்கிறேன். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டதும் பெரிய வசதி வந்தது உண்மை. ஆனால் பாம்பனிலிருந்து அங்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். போய்வர ஒரு நாள் தொழில் போய்விடும். அங்கே எந்த அறைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவர்கூடப் போகாமல் இருப்பது தெரியாமை அல்ல. அதைத் தனிமனிதரின் அறிவுக் குறைவாக எழுதி வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த இருபதோடு, செய்து காட்டச் சொல்லும் மூன்றை நாங்களே சேர்க்கிறோம். இவற்றுக்கு வெளிநாட்டு வரம்பு எதுவும் கிடையாது, மதிப்பெண்ணாகவும் கூட்டப் போவதில்லை, தனியாகக் குறித்து வைப்போம். ஒன்று, ஊசி போடுபவர் வீட்டில் புட்டியும் சிரிஞ்சும் பொருந்துகிறதா என்று அவர் கையாலேயே எடுத்துக் காட்டச் சொல்வது. இரண்டு, அட்டை மாறி வந்த மாத்திரையைக் காட்டி "இது வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்பது, கூடவே அடுத்த வேளை எத்தனை மணிக்கு என்றும். விடியற்காலை மூன்று மணிக்கு வல்லம் ஏறுபவருக்குக் 'காலை உணவுக்கு முன்' என்பது எந்த நேரம் என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருப்பதில்லை. மூன்று, "உப்பக் குறைக்கச் சொன்னா எதையெல்லாம் குறைப்பீங்க?" குழம்பில் போடும் உப்பைச் சொல்வார்கள். கருவாட்டைச் சொல்கிறார்களா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். மருத்துவமனையில் 'உங்களுக்கு உப்பு கூடியிருக்கு' என்று சொன்னது சிறுநீரகச் சோதனையைப் பற்றி என்று புரியாமல், சமையலில் உப்பை மட்டும் நிறுத்தி நிம்மதியாக இருந்தவர்களும் உண்டு.

மொழிபெயர்ப்பில் ஒரு எச்சரிக்கை. 'உட்கொள்ளவும்', 'மேற்கொள்கிறேன்' என்ற எழுத்து நடையில் தாளைத் தயாரித்து வாயால் கேட்டால், கேட்பவர் ஆளுக்கொரு விதமாகப் பேச்சுத் தமிழாக்கிக் கேட்பார். ஐந்து பேர் ஐந்து கேள்வித்தாள் கேட்டதாகிவிடும். பேசுகிற தமிழிலேயே எழுதி, பத்துப் பேரிடம் கேட்டு, 'இந்தக் கேள்விய நீங்க என்னன்னு புரிஞ்சுக்கிட்டீங்க?' என்று திருப்பிக் கேட்டுச் செப்பனிட்ட பிறகுதான் களத்துக்குப் போக வேண்டும். 'ஓரளவு ஒத்துக்கொள்கிறேன், மிகவும் ஒத்துக்கொள்கிறேன்' என்ற படிநிலை இங்கே வாயில் வராது. நான்கு டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தண்ணீர் ஊற்றி வைத்துக் காட்டச் சொன்னபோது ஒரு பாட்டி உடனே தொட்டுக் காட்டினார். அப்படிச் செய்ததை அறிக்கையில் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

யார் கேட்பது என்பது, எதைக் கேட்பது என்பதற்குச் சமமான முடிவு. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு, மாத்திரை வீட்டுக்கு வருகிறது. கொண்டு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களை ஊரே அறியும். அவர்களையே கேட்கச் சொன்னால் வேலை பாதியாகும். ஆனால் மாத்திரை கொண்டு வருபவரிடமே 'கேட்க நேரம் தருகிறார்களா?' என்ற கேள்விக்கு யார் இல்லை என்பார்கள்? பேசும் துணிவு பற்றிய பிரிவை வெளியூர் ஆள்தான் கேட்க வேண்டும். வீட்டைக் காட்டி, அறிமுகம் செய்து வைக்கத் தன்னார்வலர் வரட்டும். திண்ணையில் உட்கார்ந்ததும் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

ஆண்களைப் பிடிக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம்தான் சரி. விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. அவர்களை மாலையில் வலை சரிபார்க்கும் இடத்தில்தான் பார்க்க முடியும். பாசி எடுக்கும் பெண்களுக்கோ கணக்கே வேறு. நீரோட்டமும் நிலவும் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். எந்த நாட்களில் வீட்டில் இருப்பார்கள் என்று சின்னப்பாலத்து அக்காவிடமே கேட்டு நாட்காட்டியில் குறித்து வருகிறேன். போகும்போது அவர் எடுத்து வைத்த அந்த அட்டையைப் பார்த்து, அது எந்த மாத்திரை என்றும் சொல்ல வேண்டும்.